விஷ மரமா கொல்லாமரம்?

மதிப்பிற்குரிய ஐயா,

சித்திரையில் கோயில் கொடைக்காகத் திசையன்விளைக்குப் போயிருந்தோம். செம்மணல் மேடான எங்கள் தேரிக்காட்டில் இரண்டு கொல்லாமரங்கள், அதாவது முந்திரி மரங்கள், நிற்கின்றன. அடியில் கிடந்த பச்சைக் கொட்டையை என் ஏழு வயது மகள் கடித்துவிட்டாள். உதடெல்லாம் கொப்புளம். மருத்துவரிடம் காட்டினோம், ஆறிவிட்டது. இந்த விஷ மரங்களை வெட்டிவிட்டுத் தென்னை வைக்கலாமா? இன்னொன்று: அண்டிப்பருப்பு என்று நான் சொன்னால் மகள் சிரிக்கிறாள். முந்திரி என்பதுதானே சரி?

ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள தம்பி,

நம் ஊரில் அது அண்டிப்பருப்புதான். அவள் சிரித்தால் சிரிக்கட்டும், நீங்கள் சொல்வதை விடாதீர்கள்.

குழந்தைக்கு ஆறிவிட்டது என்று படித்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. ஆனால் விஷ மரம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மாங்காய்க் காம்பை ஒடித்ததும் பீச்சும் பால் பட்டு உங்களுக்கு வாய் புண்ணானதே இல்லையா? அதற்காக மாமரத்தை வெட்டினோமா? மாவும் கொல்லாவும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம். மலையாளத்தில் இதற்குப் பறங்கிமாவு, அதாவது பறங்கியரின் மாமரம், என்றே பெயர். பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம். பழம் என்று நாம் தின்பது வெறும் காம்பின் வீக்கம். மெய்யான கனி கீழே தொங்கும் கொட்டை. மாங்கொட்டைக்குச் சதை காவல். வெளியே தொங்கும் இந்தக் கொட்டைக்கு ஓட்டுக்குள் இருக்கும், தோலைப் பொசுக்கும் எண்ணெய்தான் காவல்.

என் ஆச்சி வீட்டைவிட்டு எட்டப்போய்க் கல் கூட்டி, ஓட்டைத் தகரச் சட்டியில் கொட்டையை வறுப்பாள். புகை வரும் பக்கம் எங்களை நிற்க விடமாட்டாள். கொட்டை எண்ணெய் கக்கி, சட்டியே பற்றி எரியும். கம்பால் கவிழ்த்து, தேரி மண்ணை அள்ளிப் போட்டு அணைப்பாள். எண்ணெயை மண் குடித்துவிடும். ஆறிய பிறகு எங்கள் கையிலெல்லாம் சாம்பல் பூசிவிட்டுத்தான் தட்ட விடுவாள். ஒருமுறை நான் பச்சை அண்டியைத் திருடி, உடைத்துப் பார்த்துக் கால்சட்டைப் பையில் ஒளித்து வைத்தேன். தொடை வெந்துபோயிற்று. ஆச்சி முதலில் அடித்தாள். பிறகு தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். மரத்தை வெட்டச் சொல்லவில்லை.

அந்தச் சாம்பலை உங்கள் மகள் கையில் யார் பூசினார்கள்? பச்சை அண்டியில் வாய் வைக்காதே என்று ஒரு சொல் சொன்னீர்களா? தேரிக்காட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகத் தெரிந்தவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. குற்றம் உங்களுடையது தம்பி, மரத்தின் மேல் போடாதீர்கள்.

தென்னைக்குத் தேரியில் யார் தண்ணீர் ஊற்றுவது? கொல்லாமரத்துக்கு நீங்கள் ஒரு குடம் ஊற்றியிருப்பீர்களா? ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தேரியையே அள்ளிக்கொண்டு போகும். தரையைத் தொட்டுக் கவிந்து நிற்கும் அந்த இரண்டு மரங்களும்தான் உங்கள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன.

அடுத்த பங்குனியில் அவளை மறுபடி கூட்டிப் போங்கள். பழம் விழுந்த அன்றே தின்ன வேண்டும், மறுநாளைக்குத் தாங்காது. நறுக்கி உப்புநீரில் போட்டெடுத்தால் தொண்டைக் கரகரப்பு குறையும். கொட்டையை நீங்கள் திருகி எடுத்துக்கொண்டு, பழத்தை அவள் கையில் கொடுங்கள்.