மருத்துவத் தொண்டுக்காகப் பிள்ளைகளோடு வெளிநாட்டில் போய்த் தங்கினால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கணவர் மருத்துவர், ஒன்றரை மாதம் இலவச மருத்துவ முகாமுக்குப் போகிறார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு நானும் போகலாமா, அங்கே பொழுது எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் 2024 ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை லண்டனிலிருந்து போய் மட்டக்களப்பில் அப்படித்தான் இருந்தோம். எனக்கு அது பிறந்த ஊர். யாழ்ப்பாணத்தில் பிறந்து எட்டு வயதில் லண்டனுக்குப் போன என் கணவருக்கும், லண்டனிலேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அது வெளிநாடுதான். மகளுக்கு அப்போது 11 வயது, மகனுக்கு 7.

தாராளமாகப் போகலாம். ஆனால் மூன்று கிழமைக்கு, அதாவது மூன்று வாரத்துக்கு, குறைந்த பயணம் என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முதல் பத்து நாளை வெயிலும் வயிறும் தின்றுவிடும். நாங்கள் போனது கச்சான் காற்றுக் காலம். மேற்கே தரைப் பக்கமிருந்து வருகிற காற்று, அடுப்பு வாயைத் திறந்ததுபோல முகத்தில் அடிக்கும். காலை ஒன்பது மணிக்கே முற்றத்து மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மகனுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. மகளுக்கு வயிற்றால் போய் மூன்று நாள் கஞ்சிதான். கொதித்தாறிய நீரைத் தவிர வேறெதையும் குடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் வைத்திருந்தேன், பக்கத்து வீட்டில் கொடுத்த ஐஸ் பழத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. பதினோராம் நாள் காலை இரண்டு பேரும் தாங்களாகவே கிணற்றடிக்குப் போய் வாளியில் அள்ளிக் குளித்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

தங்கியது கல்லடியில், அம்மாவின் வீட்டில். சொந்த வீடு இல்லாதவர்கள் மருத்துவர் வேலை செய்யும் இடத்துக்குக் கிட்ட, கிணறும் நிழலும் உள்ள வீடாகப் பாருங்கள். ஏசியை விட மரநிழல் பெரிது.

காலை ஐந்தரைக்கே நாள் தொடங்கிவிடும். மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார், பின்னாலேயே பாட்டுப் போட்டபடி பாண் (ரொட்டி) விற்கிற ஓட்டோ. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, சோற்றுப் பார்சலையும் கட்டிக்கொண்டு என் கணவர் ஆறரைக்குக் கிளம்புவார். கிழமையில் இரண்டு நாள் அங்குள்ள டொக்டருடன் கிளினிக்கில் இருப்பார். மூன்று நாள் படுவான்கரைக் கிராமங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படும் (மறையும்) பக்கம் என்பதால் அந்தப் பெயர். நாங்கள் இருக்கிற கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது சுலபம். மண்டூருக்கு மட்டும் குருமண்வெளியில் 'பாதை' ஏறிப் போவார்கள். மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். மகனுக்கு அது விளங்கவே இல்லை. றோட்டு எப்படித் தண்ணீரில் ஓடும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இவர் போன பிறகு வீடும் பிள்ளைகளும் என் பாடு. நான் லண்டனில் பகுதிநேரமாகக் கணக்கு வேலை செய்கிறேன். அங்கே காலை ஒன்பது மணி என்றால் கல்லடியில் மதியம் ஒன்றரை. சமையல் முடித்து, பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே மடிக்கணினியோடு உட்காருவேன். மின்சாரம் போனால் விறாந்தைக்கு வந்துவிடுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட பயணங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முகாமைப் பற்றி மட்டுமே எழுதுகிறார்கள். அந்த முகாம் நடக்க ஒரு வீடு நடந்தாக வேண்டும். தண்ணீர் கொதிக்க வைப்பது, துணி துவைப்பது, மாலை ஐந்து மணிக்கு முன்னால் நுளம்பு (கொசு) வராமல் ஜன்னல் சாத்துவது, சலித்துப்போன பிள்ளைக்குத் துணை தேடுவது எல்லாம் அந்த வேலையின் பாகம்தான். முதலிலேயே கணவரோடு இதைக் கதைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் கதைக்கவில்லை, இரண்டாம் கிழமை சண்டை பிடித்தோம்.

இவரது வேலை நீரிழிவுக் கால்புண். ஊரில் சீனி வருத்தம் என்போம். சீனி பல வருடம் கூடிப்போய் இருந்தால் காலின் நரம்பு மரத்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது, மணல் சுட்டாலும் தெரியாது. வலி இல்லாததால் ஆளும் பார்க்க மாட்டார். சீழ் வைத்த பிறகுதான் வருவார், சில வேளை விரலை எடுக்க வேண்டியும் வரும். மரத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலோன் நரம்பு இருக்கிறது, தூண்டில் நரம்பு மாதிரி. தோலில் வைத்து அழுத்தினால் சரியாகப் பத்துக் கிராம் விசையில் வளையும்படி செய்தது. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, பட்டதும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் கிழமை நான் முகாமில் பெயர் எழுதிக்கொடுக்கப் போயிருந்தேன். கிராமத்துப் பலநோக்கு மண்டபம். வயல் வேலை செய்து உரமேறிய பாதம், எழுபது வயதிருக்கும் அம்மா ஒருவர். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெருவிரலில் நைலோன் நரம்பு வளைந்தது. குதிகாலில் வளைந்தது. நடுப்பாதத்தில் வளைந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுக் கேட்டார்: "இன்னும் தொடல்லியா மனே?"

இவர் அந்தப் பாதத்தைக் கையில் பிடித்தபடி பேசாமல் இருந்தார். அன்று இரவு சரியாகச் சாப்பிடவும் இல்லை.

பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், மகனை நாங்கள் கூட்டிப் போகவில்லை. புண்ணை ஒரு குழந்தை பார்ப்பது குழந்தைக்கும் நல்லதில்லை, புண்ணோடு வந்தவருக்கும் மரியாதை இல்லை. மகளை அங்குள்ள டொக்டரிடம் கேட்டுவிட்டுக் கடைசி இரண்டு கிழமை கூட்டிப்போனோம். அவளுக்கு ஒரே வேலைதான். வந்தவரின் பாதத்தை மட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டி, அவர் போட்டிருக்கும் செருப்புக்குள் வைத்துப் பார்ப்பது. மட்டை மடங்கினால் செருப்பு இறுக்கம், கால் மரத்தவருக்கு அதுவே புண்ணாகும். பென்சில் நுனி உள்ளங்கால் ஓரத்தில் போகும்போது சிலர் கூச்சத்தில் சிரிப்பார்கள். சிரித்தால் அவளுக்குச் சந்தோஷம், அங்கே உணர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம். படம் எடுக்கவே கூடாது என்று சொல்லி அவளது போனை வீட்டிலேயே வைக்கச் செய்தோம்.

மகனுக்கும் ஒரு வேலை கிடைத்தது. என் அம்மாவுக்குப் பதினாறு வருடமாகச் சீனி. பின்னேரம் குளித்துவிட்டு விறாந்தையில் கால் நீட்டி உட்காருவார். இவன் டோர்ச் அடித்து விரலிடுக்கெல்லாம் பார்த்து, "இங்கே ஒன்றும் இல்லை, இங்கே வெடிப்பு, இங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லுவான். மகள் அதைக் கொப்பியில் எழுதுவாள். அம்மாவின் காலை நான் அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆடி அமாவாசை அன்று, ஆகஸ்ட் 4, முகாம் வைக்கவில்லை. வைத்தாலும் யாரும் வர மாட்டார்கள், ஊரே மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் நிற்கும். நாங்களும் போனோம். இவர் சனத்தைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை உள்ளங்காலில் கொப்புளத்தோடு சிலர் வந்தபோது, கோயிலுக்கு வெறுங்காலோடு போகாதீர்கள் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வெயில் ஏறுமுன் போங்கள், வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவிப் பாருங்கள் என்றார். அது சரியான யோசனை என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இப்போது எனக்கு முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்தபோது எனக்கு 19 வயது. கல்லடியில் எங்கள் வீடு கடலோரமாக இல்லாமல் வாவிப் பக்கம் இருந்ததால் தப்பியது. ஜனவரியில் வெளிநாட்டு மருத்துவக் குழுக்கள் வந்தன. நான் ஒரு குழுவுக்கு மொழிபெயர்த்தேன். நல்ல மனிதர்கள், இரவு பகல் பார்க்காமல் வேலை செய்தார்கள், இரண்டு கிழமையில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பாடசாலையில் தங்கியிருந்த சனம் என்னைக் கண்டால் கட்டுப்போட்ட காலைக் காட்டிக் கேட்கும்: "மறுகா எப்ப வருவாங்க?" மறுகா என்றால் எங்கள் ஊரில் 'அப்புறம்', 'பிறகு'. என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதனால் இந்தப் பயணத்தில் 'மறுகா'வுக்குப் பதில் இல்லாத எதையும் தொடங்குவதில்லை என்று இருவரும் முடிவெடுத்துக்கொண்டோம். அங்குள்ள டொக்டர் தொடர்ந்து பார்க்கக்கூடியவர்களை மட்டுமே இவர் பார்த்தார். அங்கே கிடைக்காத மருந்தை எழுதவில்லை. செய்தது எல்லாவற்றையும் நோயாளியின் கிளினிக் கொப்பியிலேயே எழுதினார். ஒவ்வொருவரோடும் வீட்டிலிருந்து ஒருவரை வரச் சொல்லி, எங்கள் மகன் செய்ததைத்தான் அவருக்கும் சொல்லிக்கொடுத்தார்: நல்ல வெளிச்சத்தில் தினமும் ஒருமுறை பார்ப்பது. நாங்கள் இரண்டு சூட்கேஸ் நிறையக் கட்டுத்துணி கொண்டுபோயிருந்தோம், பாதி எவருக்கும் பொருந்தவில்லை. அங்கே என்ன தேவை என்று முதலில் கேட்காதது எங்கள் பிழை.

கடுதாசி வேலையும் இருக்கிறது. இலங்கையில் என்றால் வெளிநாட்டு மருத்துவர் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு எடுத்த பிறகுதான் நோயாளியைத் தொடலாம். பல மாதம் முன்பே தொடங்குங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக் கூட்டிப்போங்கள், நாங்கள் உதவி செய்யப் போகிற பெரிய ஆட்கள் இல்லை என்று. என் மகன் ஒருநாள், முன்பு வந்த வெள்ளைக்காரரும் பிள்ளைகளோடு வந்தார்களா என்று கேட்டான். வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்ட் பாதிரியாரைப் பற்றிச் சொன்னேன். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கியவர். மனைவி வரும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். அவரும் அடுத்த வருடமே இங்கே இறந்தார். மகன் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு அப்பா வரும்வரை தூங்காமல் படலையடியில் நின்றான்.

இப்போது லண்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோல் எடுத்தால் அவன் முதலில் கேட்பது அம்மம்மாவின் முகத்தை அல்ல. போனைக் கீழே பிடிக்கச் சொல்லுவான், வலது கால், இடது கால் என்று. வருகிற ஜூலைக்கும் டிக்கெட் போட்டிருக்கிறோம். படுவான்கரையில் முதல் முகாம் என்றைக்கு என்று டொக்டரிடம் கேட்டு, அந்த அம்மாவின் கிளினிக் கொப்பியில் திகதியை எழுதிவிடச் சொல்லியிருக்கிறோம்.