ஊசி போடச் சொல்லலாம், சம்பளத்தில் கைவைக்கலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இப்போது ஐ.சி.யூ.வில் டூட்டி. எல்லாப் பிரிவிலும் சேர்த்து 180 பேர் வேலை பார்க்கிறோம். செப்டம்பர் 20-ஆம் தேதி ஒரு சர்க்குலர் ஒட்டினார்கள். நோயாளிகளோடு பழகும் ஊழியர் எல்லோரும் அக்டோபர் 1-க்குள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக்கான 1,800 ரூபாயைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். போடாதவர்களுக்கு டூட்டி கிடையாது, லாஸ் ஆஃப் பே. அதுவும் பத்து நாளைத் தாண்டினால் வேலை போய்விடும். கூடவே, ‘என் சொந்த விருப்பத்தில் போட்டுக்கொள்கிறேன், பின்விளைவுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல’ என்று ஒரு படிவத்திலும் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

2019-இல் எனக்கு ஜி.பி.எஸ். (கில்லன்-பாரே சிண்ட்ரோம் என்ற நரம்பு நோய்) வந்து, கால் இரண்டும் செயலிழந்து ஐந்து வாரம் படுக்கையில் இருந்தேன். அன்று பார்த்த டாக்டர், “தேவையில்லாமல் ஊசி எதுவும் போட்டுக்காதம்மா” என்று வாய்மொழியாகச் சொன்னார். எச்.ஆரிடம் சொன்னால், “பேப்பர் இருக்கா?” என்கிறார்கள். உச்ச நீதிமன்றமே யாரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டதாமே? ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா? என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை)

பதில்: கெடு நெருங்குவதால் இந்தப் பதிலை உங்களுக்குத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன், சகோதரி.

முதலில் அந்தத் தீர்ப்பு. நீங்கள் கேள்விப்பட்டது கொரோனா ஊசி பற்றிய ஜேக்கப் புலியேல் வழக்கு. 2022 மே 2-ஆம் தேதி நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் இருவரும் சொன்ன தீர்ப்பு. ஒருவரின் உடல் மீது அவருக்குள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் வருகிறது, எனவே யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட வைக்க முடியாது என்று அதில் இருப்பது உண்மை. வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் அந்த வரியோடு நின்றுவிடுகிறது. தீர்ப்பு அங்கே நிற்கவில்லை. பொது சுகாதாரத்துக்காகத் தனிமனித உரிமைக்கு வரம்பு விதிக்கலாம், ஆனால் அந்த வரம்புக்குச் சட்ட ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்று அந்தரங்க உரிமை பற்றிய 2017-ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு வகுத்த மூன்று சோதனைகளை அங்கே பொருத்திப் பார்த்தார்கள். கொரோனா ஊசி போடாதவர், போட்டவரைவிட அதிகமாக நோயைப் பரப்புகிறார் என்பதற்கு அரசுகள் எந்தத் தரவையும் வைக்கவில்லை. அதனால்தான் ஊசி போடாதவர்கள் மீது விதித்த கட்டுப்பாடுகள் அளவு மீறியவை என்றார்கள். தனியார் நிறுவனங்களும் தங்கள் உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யட்டும் என்று யோசனையும் சொன்னார்கள். கூடவே, இது அன்றைய கொரோனா நிலைமைக்கு மட்டுமே என்று வேலியும் போட்டுவிட்டார்கள்.

ஆகவே “சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது” என்று எச்.ஆர். மேசையில் போய் நிற்காதீர்கள். அவர்களுடைய வக்கீல் ஒரே வரியில் அதைத் தட்டிவிடுவார்: “அது கொரோனா, இது ஃப்ளூ. அது அரசாங்கம், இது தனியார்.” தனியாருக்கு எதிராகவும் 21-ஆவது பிரிவைக் கேட்கலாம் என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை சொல்லியிருக்கிறது. சட்டக் கல்லூரியில் விவாதிக்க அருமையான தீர்ப்பு. அக்டோபர் 1-ஆம் தேதி உங்களுக்கு டூட்டி போட அது உதவாது.

ரிட்டும் அதே கதைதான். தனியார் நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையிலான வெறும் வேலைத் தகராறுக்கு, ரிட்டுக்கு வழிசெய்யும் அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் வர முடியாது என்று 2022-இல் செயின்ட் மேரீஸ் கல்விச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நீங்கள் அரசு மருத்துவமனையில் இருந்திருந்தால் பேச்சு வேறு. இப்போது மதுரைக் கிளைக்குப் போனால் ஃபீஸ் செலவாகும், “தொழிலாளர் துறைக்குப் போங்கள்” என்ற பதில் கிடைக்கும்.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு முன் மருத்துவமனைப் பக்கத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவர்கள் கேட்பது அடாவடி அல்ல. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு உங்களிடமிருந்தோ வார்டு பாயிடமிருந்தோ ஃப்ளூ தொற்றினால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையோடுதான் இந்தக் காய்ச்சலும் ஏறுகிறது, செப்டம்பரில் ஊசி போடச் சொல்வதற்குக் காரணம் அதுதான். மத்திய சுகாதார அமைச்சகமும் மருத்துவப் பணியாளர்களுக்கு இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது.

பரிந்துரைக்கிறது, கட்டாயமாக்கவில்லை. இரண்டுக்கும் சட்டத்தில் எவ்வளவு தூரம் என்பதற்கு உங்கள் கைக்கெட்டும் உதாரணம் ஒன்று இருக்கிறது. வார்டில் மஞ்சள், சிவப்பு, நீலப் பைகளில் கழிவைப் பிரித்துப் போடுகிறீர்களே, அந்த 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு நோய்த்தடுப்பு ஊசி போடுவது மருத்துவமனையின் கடமை என்று அதில் எழுதி, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது ஊழியருக்கு ஊசி வேண்டும் என்று நினைத்த இடத்தில் அரசு விதியாகவே எழுதியிருக்கிறது, அதுவும் நிர்வாகத்தின் தலையில் கடமையாக வைத்து. ஃப்ளூவுக்கு அப்படி ஒரு வரி அதில் இல்லை. உங்கள் நிர்வாகத்தின் கையில் இருப்பது ஒரு சர்க்குலரும், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் ‘நிறுவனம் அவ்வப்போது வகுக்கும் விதிகளுக்குக் கட்டுப்படுவேன்’ என்ற வரியும்தான். ஊசி போடாதவரை முகக்கவசம் போடச் சொல்ல, வேறு வார்டுக்கு மாற்ற, ஜுரம் இருந்தால் வீட்டுக்கு அனுப்ப அந்த வரி போதும். சோற்றில் மண் போட அது போதாது.

இந்த எல்லைக் கோட்டுக்கு அமெரிக்காவில் ஒரு பழைய சண்டை உண்டு. சியாட்டிலில் விர்ஜினியா மேசன் என்ற மருத்துவமனை, ஃப்ளூ ஊசி போட்டால்தான் வேலை என்று முதன்முதலில் அறிவித்த பெரிய மருத்துவமனைகளில் ஒன்று. நர்ஸுகள் சங்கம் எதிர்த்தது. ஊசி கெட்டது என்று அவர்கள் வாதாடவில்லை, எங்களோடு பேசாமல் வேலை நிபந்தனையை மாற்றியது தவறு என்றுதான் வாதாடினார்கள். நடுவர் அதை ஏற்றார், 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஊசி போடாத சங்கத்து நர்ஸுகள் முகக்கவசத்தோடு வேலை பார்த்தார்கள். அங்கேயும் சட்டம் ஊசியைத் தொடவில்லை, ஊசியைத் திணித்த முறையைத்தான் தொட்டது.

உங்கள் வழக்கும் அப்படித்தான் நிற்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. அவற்றில் மூன்று உங்களுக்கு உதவும்.

பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பில் முதலாளியின் கடமைகளைச் சொல்லும் 6-ஆவது பிரிவைப் பாருங்கள். பணியிடத்தின் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் செய்யும் எதற்காகவும் ஊழியரிடம் காசு வாங்கக் கூடாது. ‘நோயாளி, ஊழியர் பாதுகாப்புக்காக’ என்று சர்க்குலரின் முதல் வரியிலேயே எழுதிவிட்டு, கடைசி வரியில் 1,800 ரூபாய் பிடிப்போம் என்கிறார்கள். தங்கள் வாயாலேயே மாட்டிக்கொண்டார்கள். ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்களுக்கும் இந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட ஆள் வேண்டுமென்றால், இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே போதும்.

அடுத்து ஊதியத் தொகுப்பு. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது, அதற்கு வெளியே பிடிக்க முடியாது. அபராதம் என்று பெயர் வைத்தாலும், அரசு ஒப்புக்கொண்ட குற்றங்களுக்குத்தான், அதுவும் விளக்கம் கேட்ட பிறகுதான், அந்தச் சம்பள காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டாமல்தான் விதிக்கலாம். வேலைக்குத் தயாராக வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பிவிட்டு லாஸ் ஆஃப் பே போடுவது, லீவு எடுத்தவருக்குப் போடுவதைப் போன்றதல்ல. ஆனால் நீங்கள் வந்து நின்றீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். அதனால் அக்டோபர் 1-க்குப் பிறகும் ஷிப்ட் நேரத்துக்குப் போங்கள். பயோமெட்ரிக்கில் விரல் வையுங்கள். நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் “இன்னைக்கு உனக்கு டூட்டி இல்லை” என்று சொன்னால் அன்றே அவருக்கு மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள்: ‘இன்று காலை 7.30-க்கு டூட்டிக்கு வந்தேன், திருப்பி அனுப்பினீர்கள்.’ சண்டை வேண்டாம், வீடியோ வேண்டாம்.

மூன்றாவது தொழிலுறவுத் தொகுப்பு. புதிய ஒழுங்கு விதி கொண்டுவருவதற்கு முன் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது 11 நாள். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர்ப்புக் குழுவும் இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அது இருக்கிறதா, யார் உறுப்பினர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான மருத்துவமனைகளில் இந்தக் கேள்விக்கே பதில் வராது, வராததும் உங்களுக்கு நல்லதுதான். ஒரு எச்சரிக்கை: மருத்துவமனையை நடத்துவது அறக்கட்டளையாக இருந்தால், ‘நாங்கள் தொண்டு நிறுவனம், இந்தத் தொகுப்பில் தொழில் என்ற சொல்லுக்குள்ளேயே வரமாட்டோம்’ என்று வாதிடப் பார்ப்பார்கள். பில் போடும் விதத்தைப் பார்த்தால் தொண்டா தொழிலா என்று தெரிந்துவிடும். இருந்தாலும் உங்கள் சம்பளச் சீட்டில் நிறுவனத்தின் பெயர் எப்படி இருக்கிறது என்று எனக்கு அனுப்பிவையுங்கள்.

இனி உங்கள் உடம்பு. இதில் நான் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. டாக்டர் வாய்மொழியாகச் சொன்னது ஆதாரமல்ல. எச்.ஆர். பேப்பர் கேட்பது நியாயம். 2019-ஆம் ஆண்டு டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு நியூராலஜிஸ்ட்டைப் பாருங்கள். அவர் “போடலாம்” என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது, அதற்கும் தயாராகப் போங்கள். ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் ஜி.பி.எஸ். வந்தவர்கள் விஷயத்தில்தான் மருத்துவ வழிகாட்டிகள் குறிப்பாக எச்சரிக்கை சொல்கின்றன. உங்களுக்கு எதனால் வந்தது என்று கடிதத்தில் இல்லை. ஃப்ளூ காய்ச்சலே ஜி.பி.எஸ்ஸைத் தூண்டக்கூடும் என்பதையும் அவர் கணக்கில் எடுப்பார். எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று நிறுத்துப் பார்ப்பது அவருடைய வேலை. என்னுடைய வேலையும் இல்லை, எச்.ஆருடைய வேலையும் இல்லை. போடக் கூடாது என்றால், காரணத்தோடு சான்று வாங்குங்கள். போடலாம் என்றால், போட்டுக்கொண்டு 1,800 ரூபாய்க்கு மட்டும் சண்டை போடுங்கள். என் அக்கா மகளும் நர்ஸ்தான், அவளுக்கும் இதைத்தான் சொல்வேன்.

படிவத்தில் இப்போதிருக்கும் வாசகத்தோடு கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவச் சம்மதம் என்றால் அது சுதந்திரமாகத் தந்ததாக இருக்க வேண்டும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போடாவிட்டால் சம்பளம் இல்லை என்று ஒரு கையில் சர்க்குலரையும், சொந்த விருப்பம் என்று மறுகையில் படிவத்தையும் நீட்டினால் அது சம்மதமாகாது. சம்பளம் கொடுப்பவர் தன் பிடியை வைத்து வாங்கும் கையெழுத்தை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவில் கேள்வி கேட்கலாம். ஊசி போடுவதென்று முடிவானால், ‘மருத்துவமனையின் செப்டம்பர் 20 சர்க்குலரின்படி போட்டுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால், வேலையின் காரணமாக வந்த பாதிப்பு என்று இ.எஸ்.ஐ.யில் வாதாட அந்த ஒரு வரி வேண்டும்.

சர்டிபிகேட் விஷயத்தில் பயம் வேண்டாம். அவை உங்கள் சொத்து, அடமானப் பொருள் அல்ல. ஆனால் இந்தக் கடிதத்தில் அதைக் கலக்காதீர்கள், தனிக் கடிதமாகக் கேட்போம். “நீயே ராஜினாமா எழுதிக் கொடு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டோடு எல்லாம் தந்துவிடுகிறோம்” என்று இனிமையாகப் பேசுவார்கள். எழுதிக் கொடுத்தால் இந்தப் பக்கங்களில் நான் சொன்னது அத்தனையும் வீண். வேலைநீக்கம் என்று அவர்களே எழுதித் தரட்டும். விசாரணை இல்லாமல் நீக்கினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு போடலாம், 45 நாளில் தீராவிட்டால் நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்கே போகலாம். அதற்கு இரண்டு வருடம் வரை நேரம் உண்டு.

நிர்வாகத்துக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 2019 நோய், டாக்டரின் சான்று, அது வரும்வரை கால அவகாசம், அதுவரை முகக்கவசத்தோடு ஐ.சி.யூ.விலோ வேறு வார்டிலோ வேலை பார்க்கச் சம்மதம், 1,800 ரூபாய் பிடிப்பதற்கு ஆட்சேபம். அவ்வளவுதான். அடிப்படை உரிமை, உச்ச நீதிமன்றம் என்ற சொற்களே அதில் வேண்டாம். நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எப்படியும் செப்டம்பர் 30-க்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, எச்.ஆர். அலுவலகம் திறக்காது.