கத்திரிப் பிஞ்சுக்குக் குளிர் ஆகாது

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் இருக்கிறோம். பங்குனி வெயிலுக்குப் பயந்து, சந்தையில் வாங்கிய கத்திரிப் பிஞ்சு, வெள்ளரிப் பிஞ்சு, வெண்டை, முருங்கை எல்லாவற்றையும் உடனே ஃபிரிட்ஜில் வைக்கிறேன். நாலைந்து நாளில் கத்திரிக்காயில் விதை கறுத்துவிடுகிறது, வெள்ளரி கொழகொழத்துப் போகிறது. அப்பத்தா காலத்தில் ஃபிரிட்ஜே கிடையாது; காய் இப்படி வீணானதும் இல்லை. ஏன்?

பதில்: குளிர் தாங்காமல்தான் அவை கெடுகின்றன. கத்திரி, வெள்ளரி, வெண்டை மூன்றும் வெப்ப மண்ணில் விளைகிறவை. ஃபிரிட்ஜுக்குள் 4, 5 டிகிரிதான் இருக்கும். கத்திரிக்காய்க்கு 10 டிகிரிக்குக் கீழே போனாலே உள்ளே திசுக்கள் சிதைய ஆரம்பித்துவிடும். வெளியே எடுத்துச் சில மணி நேரம் ஆனபிறகுதான் தோலில் குழிகளும் உள்ளே கறுப்பும் நன்றாகத் தெரியும். அதனால்தான் சமைக்க உட்காரும்போது ஏமாந்து போகிறோம்.

அப்பத்தா செய்ததையே செய்யுங்கள். குடிதண்ணீர்ப் பானையை ஈர மணல்மேல் வைப்போம் இல்லையா, அதன் பக்கத்தில் ஓலைக்கூடையில் காயைப் பரப்பி, நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் மூடுங்கள். நம் ஊர்க் காற்று வறண்டது. துணியின் ஈரம் ஆவியாகும்போது கூடைக்குள் சூடு இறங்கும். துணி காய்ந்தால் மறுபடி நனைத்துப் பிழியுங்கள். வெண்டைக்காய்க்கு மட்டும் ஈரம் வேண்டாம், கறுத்துவிடும். அதை உலர்ந்த துணியில் சுற்றி வைத்து மறுநாளே மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் புளிக்குழம்பு) வைத்துவிடுங்கள்.

இப்படி இரண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான். பறித்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், சூடு ஏற ஏற அந்த மூச்சும் வேகமாகும். ஆகவே ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கும் வழக்கத்தைச் சித்திரை, வைகாசி முடியும்வரை விட்டுவிடுங்கள். அரைக் கிலோவாக, பிஞ்சாகப் பார்த்து வாங்கினால் போதும். கத்திரியை விரலால் அழுத்துங்கள். பள்ளம் உடனே எழும்பினால் புதுசு. காம்புத் தொப்பி பச்சையாக, முள் குத்துகிற மாதிரி இருக்க வேண்டும். வெண்டை நுனி பட்டென்று ஒடிய வேண்டும் (கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை).

முருங்கைக்காய் ஃபிரிட்ஜில் இருக்கலாம். காகிதத்தில் சுற்றி வையுங்கள். கீரையும் அப்படித்தான், ஆனால் வாடின கீரையில் வைட்டமின் சி பெரும்பகுதி போயிருக்கும். வாங்கிய அன்றே சமைத்துவிடுவது நல்லது. மாங்காய் வெளியிலேயே இருக்கட்டும்.

அப்புறம், நுங்கு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் அசைய வேண்டும். கெட்டியாக இருந்தால் முற்றல்; அது வயிற்றுக்குக் கனம். வெட்டி எடுத்த நுங்கை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.