அனிமேஷன் படத்தில் யாரும் நிஜமாக நடப்பதில்லையே, காலடிச் சத்தம் எங்கிருந்து வருகிறது? சாதாரணப் படத்துக்கும் சத்தத்தைத் தனியாகச் செய்வார்களாமே, ஏன்?

நடக்கிறாரே ஒருவர்! திரையில் நரியோ ரோபோவோ நடக்கும். அதைப் பார்த்தபடி மைக் முன்னால் நின்ற இடத்திலேயே நடக்கும் ஆசாமிதான் ஃபோலி ஆர்ட்டிஸ்ட்.

சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்டு மாதம் உதவியாளனாக இருந்தேன். முதல் நாள் அந்த அறையைக் காயலான் கடை என்றே நினைத்தேன். ஜோடி இல்லாத செருப்புகள், துருப்பிடித்த கீல், கிழிந்த குடை, குதிரைக் குளம்புக்குக் கொட்டாங்குச்சி. தரையில் கட்டம் கட்டமாக மணல், ஜல்லி, பலகை.

முதல் சுற்றில் காலடி மட்டும். அடுத்து துணி உரசல். பிறகுதான் டம்ளர், கதவு, சாவி எல்லாம். துணி உரசலை யாரும் கவனிக்க மாட்டீர்கள். ஆனால் அது இல்லாவிட்டால் கார்ட்டூன் பாத்திரம் வெட்டி ஒட்டின காகிதம் மாதிரி இருக்கும். அனிமேஷனில் உடம்பின் கனத்தைக் காட்டுவதே ஒலிதான். ஒரு கார்ட்டூன் யானைக்காக பூட்ஸ் மாட்டிக்கொண்டு குதித்தோம். பூட்ஸ் போட்ட யானையாகத்தான் கேட்டது! பலகைமேல் மணல் மூட்டையைப் போட்ட பிறகே யானை வந்தது.

ஜாக் ஃபோலி என்பவரின் பெயர்தான் இந்த வேலைக்கு நிலைத்தது. பேசும்படம் வந்த புதிதில், 1929-ல், ஊமைப்படமாக எடுத்த ‘ஷோ போட்’டுக்கு ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் சத்தம் சேர்த்த குழுவில் இருந்தவர்.

இரண்டாவது கேள்வி. படப்பிடிப்பில் மைக் வசனத்தைத்தான் குறிவைக்கும். தவிர, ஓர் ஆங்கிலப் படத்தைத் தமிழில் டப் செய்ய ஆங்கில வசனத்தை நீக்கினால், அதோடு சேர்ந்து பதிவான காலடியும் கதவுச் சத்தமும் போய்விடும். அதனால் வசனமே இல்லாத, இசையும் ஒலியும் மட்டும் கொண்ட தடம் ஒன்று தனியாக வேண்டும். எங்கள் கூடத்தில் அதை ‘எம் அண்ட் இ’ என்போம். வசனத்தையே பிறகு ஸ்டுடியோவில் பேசிச் சேர்க்கும் நம் படங்களுக்கு ஏறக்குறைய எல்லாச் சத்தமும் மறுபடி செய்ததுதான்.

எல்லாமே ஃபோலி அல்ல. உலகத்தில் இல்லாத சத்தத்தை உருவாக்குவது ஒலி வடிவமைப்பாளர் வேலை. 1954-ல் வந்த காட்ஸில்லாவின் கர்ஜனை, டபுள் பாஸ் என்ற, ஆளுயர வயலின் மாதிரியான வாத்தியத்தின் தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து, வேகத்தைக் குறைத்து எடுத்தது. ‘வால்-ஈ’ என்ற அனிமேஷன் படத்தில் அந்தக் குட்டி ரோபோ நகரும் சத்தத்துக்கு ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் கையால் சுற்றும் ஜெனரேட்டரைப் பயன்படுத்தினார்.

நிஜச் சத்தம் பல சமயம் எடுபடாது. உண்மையான குத்து ‘தொப்’ என்று மந்தமாகத்தான் கேட்கும். ‘டிஷ்யூம்’ கேட்டு வளர்ந்த நமக்கு அது அடியாகவே தோன்றாது. எலும்பு முறிய ஹாலிவுட்டில் செலரித் தண்டை ஒடிப்பார்கள். எங்களுக்கு வெண்டைக்காய். ஒவ்வொன்றாகக் காதருகே ஒடித்துப் பார்த்ததற்குக் கடைக்கார அம்மா, “எல்லாரும் முத்தலான்னுதான் பாப்பாங்க, நீ என்னய்யா பாட்டா கேக்குற?” என்று கூடையைப் பிடுங்கிக்கொண்டார்.