படிக்க உட்கார்ந்தால் ரிசல்ட் நினைப்பு: பாளையங்கோட்டைத் தம்பிக்கு

தம்பி, குரூப் 2 புத்தகத்தைத் திறந்தாலே போன தேர்வில் விட்ட மார்க்கும் வரப்போகிற ரிசல்ட்டும்தான் கண்ணில் நிற்கிறது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடும்போதுகூட மனசு அங்கே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. 2010-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இருவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செல்போன் வழியாகக் கேட்டுப் பார்த்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனசு செய்கிற வேலையில் இல்லை. அலையும் நேரத்தில் மகிழ்ச்சியும் குறைவு.

அதனால் அலைவதோடு மல்லுக்கட்டாதீர்கள். அலைந்தது தெரிந்ததும் திட்டாமல் திரும்பக் கூட்டிவருவதுதான் பயிற்சியே.

காலையில் குறுக்குத்துறைப் பக்கம் போங்கள், ஆற்றில் வெள்ளம் இல்லாத நாளாகப் பார்த்து. செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும். படித்துறையில் உட்கார்ந்து கால்களைத் தாமிரபரணியில் விட்டு, தண்ணீர் கணுக்காலைத் தொட்டு இழுப்பதை மட்டும் கவனியுங்கள். போக முடியாத நாளில் சாப்பாட்டின் முதல் நாலு வாயை மணம், சூடு, ருசி தெரிந்து சாப்பிடுங்கள். வீட்டில் சொதி வைத்த நாள் என்றால் இது இன்னும் சுலபம்!

ரிசல்ட் கவலைக்கு சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கி நோட்டில் எழுதிவிடுங்கள். பகலில் வந்தால் அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம், தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகவே பேசலாம். அம்மாவிடமும் சொல்லுங்கள் தம்பி.