கொலம்போ: அந்த ஒயின் புட்டி எப்படிச் சாட்சியானது?

கொலம்போ என்ற துப்பறியும் அதிகாரியைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’ (1973) என்ற கதையைத் தானே பார்த்தீர்கள்? உணவகத்தில் ஒயின் கெட்டுவிட்டது என்று ஒயின் தயாரிப்பாளர் கார்சினி கத்தியதற்கும் கொலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு சின்ன விஷயம் நழுவியிருக்கும்.

தம்பியைக் கட்டிப்போட்டு, ஒயின் வைத்திருக்கும் நிலவறையின் ஏசியை நிறுத்திவிட்டுத்தான் கார்சினி நியூயார்க் போகிறார். மூச்சுமுட்டிச் சாகட்டும் என்று. அந்த வாரத்தில் ஒரு நாள் வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே இருந்த ஒயின் அத்தனையும் வெந்துபோகிறது. அது அவருக்கே தெரியாது. கொலம்போ அங்கிருந்தே ஒரு புட்டியைத் திருடி, உணவகத்தில் அவருக்கே பரிமாற வைக்கிறார். ஒரு மடக்குதான், சூடுபட்ட சரக்கு என்று நாக்கு சொல்லிவிடுகிறது. ஏசி நின்றிருந்ததை அவர் வாயாலேயே சொன்ன மாதிரி!

நீதிமன்றத்தில் இது நிற்குமா என்பது நியாயமான சந்தேகம்தான். நிற்காது என்பதே என் கருத்து. ஆனால் அதற்குத் தேவையே வரவில்லை. விஷயத்தை மோப்பம் பிடித்த செயலாளர் கேரன், என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று நெருக்குகிறாரே, அதற்குச் சிறையே மேல் என்று கார்சினி ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

அப்புறம், மறுபடி பார்த்தால், பல நாள் வெளியே நின்றதாகத் தோன்றும் தம்பியின் காரைக் கவனியுங்கள். மழை பெய்த பிறகும் அதில் ஒரு கறை இருக்காது. கொலம்போவுக்கு முதலில் உறுத்தியவற்றில் அதுவும் ஒன்று.