பேருதான் பாண்டு!

கேள்வி: சார், சோஷியல் இம்பேக்ட் பாண்டுன்னு அடிக்கடி காதுல விழுது. வாங்கி வச்சா வட்டி வருமா?

பதில்: வராதுங்க. பாண்டுன்னு பேரு வச்சாங்க பாருங்க, குழப்பம் அங்கேயே ஆரம்பிச்சிடுச்சு. சாதா பாண்டுல, அதாவது கடன் பத்திரத்துல, திட்டம் ஓடினாலும் படுத்தாலும் வட்டி இவ்வளவு, அசல் இந்தத் தேதியிலன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. இது அப்படியில்ல. ஒரு இன்வெஸ்டர் முன்பணம் போடுவார், அந்தக் காசுல ஒரு தொண்டு நிறுவனம் ஏதாவது ஒரு சமூகப் பிரச்சினையைக் குறைக்க களத்துல இறங்கி வேலை பார்க்கும், சொன்ன ரிசல்ட் வந்துச்சான்னு ரெண்டு பக்கமும் சேராத ஒரு மூணாவது ஆள் அளந்து பார்ப்பார், வந்திருந்தா அரசாங்கம் அசலோட லாபமும் சேர்த்து இன்வெஸ்டருக்குக் குடுக்கும், வரலைன்னா போட்ட காசு போச்சு. அவ்வளவுதான், வேலை முடிஞ்சாத்தான் கூலிங்கற கான்ட்ராக்ட். பணம் போடறதும் பெரும்பாலும் அறக்கட்டளைங்களும் பேங்குங்களும்தான், நீங்களும் நானும் போய் வாங்கற சமாச்சாரம் இல்ல.

கேள்வி: எங்கேயாவது நிஜமாவே ஜெயிச்சிருக்கா? இல்ல செமினார்ல பேசறதுக்கு மட்டும்தானா?

பதில்: முதல் முயற்சியே சுவாரசியமான கதை. 2010-ல இங்கிலாந்துல பீட்டர்பரோ ஜெயில். ஒரு வருஷத்துக்கும் கம்மியா தண்டனை வாங்கின ஆண் கைதிங்க வெளிய வந்த கொஞ்ச நாள்லயே திரும்ப உள்ள வந்துட்டு இருந்தாங்க, அவங்களைக் கண்டுக்கறதுக்கு அங்க ஏற்பாடே இல்ல. சோஷியல் ஃபைனான்ஸ்ங்கற அமைப்பு 17 இன்வெஸ்டர்கிட்ட 50 லட்சம் பவுண்ட் திரட்டி, வெளிய வர்றவங்களுக்கு வீடு, வேலை, போதைக்கு சிகிச்சைன்னு கூடவே நின்னாங்க. இதுல எனக்குப் பிடிச்சது அளந்த விதம்தான். ஆள் திரும்ப ஜெயிலுக்கு வந்தானா இல்லையான்னு மட்டும் பார்த்திருந்தா, ஒருதடவை தப்பு பண்ணவனை அன்னைக்கே கைகழுவிடலாம், இனிமே அவனால கணக்கு மாறப்போறதில்லையே. அதனால எத்தனை தடவை தண்டனை வாங்கினான்னு எண்ணினாங்க, அப்போ பத்து தடவை வந்தவனை ரெண்டு தடவையாக் குறைச்சாலும் அதுக்கு மதிப்பு உண்டு. கைதிங்களை குரூப் குரூப்பா பிரிச்சு அளந்தாங்க. முதல் குரூப்பு 1,000 பேர்ல திரும்பத் தண்டனை வாங்கறது 8.4 சதவீதம் குறைஞ்சுது, ஆனா அந்த குரூப்புக்குத் தனியா காசு வாங்க 10 சதவீதம் வேணும், அதனால அப்போ ஒண்ணும் கிடைக்கல. கடைசில ரெண்டு குரூப்பையும் சேர்த்து 9 சதவீதம் வந்துச்சு, மொத்தத்துக்கு வச்ச டார்கெட் 7.5-தான், அதனால 2017-ல அசலும் வருஷத்துக்கு 3 சதவீதம் போல லாபமும் கிடைச்சுது. மூணாவது குரூப் என்னாச்சுன்னு கேப்பீங்க. அதுக்குள்ள அரசாங்கம் நாடு முழுக்க இந்த மாதிரி கைதிங்க எல்லாருக்கும் கண்காணிப்பு உண்டுன்னு சட்டத்தை மாத்திடுச்சு, ஒப்பிட்டுப் பார்க்க இந்த மாதிரி ஏற்பாடு இல்லாத கைதிங்களே இல்லாம போச்சு, திட்டத்தை பாதியிலயே நிறுத்திட்டாங்க!

கேள்வி: தோத்தா நஷ்டம் நிஜமாவே இன்வெஸ்டருக்குத்தானா? நம்பற மாதிரி இல்லையே.

பதில்: பாதிக்குப் பாதி நம்பலாம். நியூயார்க் ரைக்கர்ஸ் ஐலண்ட் ஜெயில்ல பதின்ம வயசுப் பசங்களுக்கு மனநலப் பயிற்சி குடுக்க 2012-ல கோல்ட்மேன் சாக்ஸ்ங்கற பேங்க் 96 லட்சம் டாலர் கடன் தர்றேன்னு வந்துச்சு. பயிற்சியால எந்த மாற்றமும் இல்லைன்னு 2015-ல ரிசல்ட் வந்ததும் மூடிட்டாங்க, நகராட்சி ஒரு காசு குடுக்கல. ஆனா அந்தக் கடன்ல 72 லட்சம் டாலர் வரைக்கும், அப்போ நியூயார்க் மேயரா இருந்த ப்ளூம்பெர்க்கோட அறக்கட்டளை கேரண்டி குடுத்திருந்துச்சு, அதாவது ரிஸ்க்ல முக்கால்வாசி தர்மக் காசு தலையிலதான் விடிஞ்சுது.

கேள்வி: ஏழைங்க கஷ்டத்துல பேங்க் லாபம் பார்க்கறது அசிங்கமா இல்ல? நீங்க என்னன்னா ரசிச்சு எழுதிட்டு இருக்கீங்க!

பதில்: கோவம் புரியுதுங்க. ஆனா லாபத்தைவிட அளவுகோலைப் பார்த்துதான் நான் பயப்படறேன். அமெரிக்காவுல யூட்டால கோல்ட்மேன் காசுல நடந்த பாலர் பள்ளித் திட்டத்தைப் பாருங்க. நாலு வயசுப் பிள்ளைங்களுக்கு ஒரு டெஸ்ட் வச்சு, இந்த 110 பேருக்கும் பின்னாடி ஸ்பெஷல் கல்வி தேவைப்படும்னு எழுதிக்கிட்டாங்க, கடைசில ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் தேவைப்பட்டுச்சு, மீதி 109-ம் வெற்றின்னு 2015-ல பணம் கைமாறிடுச்சு. அந்த டெஸ்ட் இங்கிலீஷ் வார்த்தை டெஸ்ட், வீட்டுல வேற மொழி பேசற பிள்ளை அதுல எப்படி மார்க் வாங்கும், பாலர் பள்ளிக்கே போகாத அதே மாதிரிப் பிள்ளைங்களோட ஒப்பிடவும் இல்ல. நோகாம நுங்கு தின்ன கதை. திருடிட்டாங்கன்னு சொல்லல, தராசு அப்படி இருந்துச்சு, அதுல ஏறி நின்னாங்க.

கேள்வி: இந்தியாவுல ஏதாவது நடந்திருக்கா?

பதில்: ராஜஸ்தான் பில்வாரா மாவட்டத்துல 2015-லேருந்து 2018 வரைக்கும் எஜுகேட் கேர்ள்ஸ்ங்கற அமைப்பு பண்ணின திட்டம்தான் எல்லாரும் சொல்ற உதாரணம். யுபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளை 2.7 லட்சம் டாலர் போட்டுச்சு, ரிசல்டுக்குப் பணம் குடுத்தது அரசாங்கம் இல்ல, லண்டன்ல இருக்கற இன்னொரு அறக்கட்டளை. பொண்ணுங்களை ஸ்கூல்ல சேர்க்கறதுக்கு 20 சதவீதம், பிள்ளைங்க உண்மையா எவ்வளவு கத்துக்கிட்டாங்கங்கறதுக்கு 80 சதவீதம்னு கூலியைப் பிரிச்சாங்க. பேரை மட்டும் ரெஜிஸ்டர்ல ஏத்திட்டு போயிட முடியாது பாருங்க. ரெண்டு வருஷம் படிப்பு டார்கெட் பின்தங்கித்தான் இருந்துச்சு, அப்புறம் ஏன்னு தோண்டிப் பார்த்து, வராத பிள்ளைங்க வீட்டுக்கே போயி, வகுப்பு எதுவா இருந்தாலும் தெரிஞ்ச அளவை வச்சு குரூப் பிரிச்சு சொல்லிக்குடுத்தாங்க, மூணாவது வருஷம் எகிறி டார்கெட்ல 160 சதவீதம் வந்து நின்னுச்சு. டெஸ்ட் வச்சது வேற அமைப்பு, திட்டம் நடக்காத கிராமங்களோட ஒப்பிட்டுப் பார்த்துதான் மார்க். யூட்டாவுக்கும் இதுக்கும் வித்தியாசம் அதுதான்.

கேள்வி: அப்போ எல்லா நலத்திட்டத்தையும் இப்படியே பண்ணிடலாமே?

பதில்: ஐயோ, வேண்டாங்க. வக்கீல், கன்சல்டன்ட், அளக்கறவர்னு ஆளாளுக்கு ஃபீஸ், கான்ட்ராக்ட் எழுதி முடிக்கவே மாசக்கணக்குல இழுக்கும். சின்னத் திட்டத்துக்கு இது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதோட, ஜெயிச்சா கடைசில பணம் குடுக்கறது கஜானாதான், அதுவும் லாபம் சேர்த்து, யாரோ ஓசில செஞ்சு தர்றாங்கன்னு நினைச்சிடாதீங்க. வேலைக்கு ஆகுமா ஆகாதான்னு தெரியாத புது ஐடியாவை, நல்ல அளவுகோல் கையில இருந்தா, ஒருதடவை இப்படி சோதிச்சுப் பார்க்கலாம். தடுப்பூசி வேலை செய்யும்னு நல்லாவே தெரியும், அதுக்கு நடுவுல எதுக்கு ஒரு இன்வெஸ்டர், பட்ஜெட்லயே ஒதுக்கி ஊசியைப் போட்டுட்டுப் போயிடலாமே.